நாலு மூலையிலும் மஞ்சள்

என் மனைவி நிலாணி எதைத் தொடங்கினாலும் மஞ்சள் வைத்துத்தான் தொடங்குவாள். புதுக் கார் வந்தால் நாலு சில்லுக்கும் மஞ்சள். கலியாணக் கார்டு என்றால் நாலு மூலைக்கும் மஞ்சள். அதே மாதிரித்தான் மிச்சிகனிலிருந்து வந்த வாக்குச்சீட்டுக்கும் செய்தாள். சீட்டுக்கும் என்வலப்புக்கும் மூலைக்கு மூலை மஞ்சள் பூசி, சாமியறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தபாலில் போட்டாள்.

அவள் மிச்சிகனில் இருந்தபோது அமெரிக்கக் குடியுரிமை எடுத்த கையோடு என்னைக் கட்டி, கனடாவில் மார்க்கம் நகருக்கு வந்தவள். அதற்கும் முன்பு, வன்னியில் அவளுக்குப் பதினெட்டு வயதான வருடம் வந்த தேர்தலில் ஊரே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. வாக்குப் போட ஒருவரையும் விடவில்லை. நாற்பதை நெருங்கும்போது இதுதான் அவளுடைய முதல் வாக்கு.

"உது கடலில கரைச்ச பெருங்காயம். அங்க கோடிக்கணக்கில சனம் போடுது. உம்மட ஒண்டை ஆர் தேடப் போறான்?" என்றேன்.

"தேடாட்டிப் போகட்டும். நான் போடுவன்."

தேடினார்கள். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் நிலாணியின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து, ஏதோ மஞ்சள் பொடி என்றாள். காசு பறிக்கிற கூட்டம் என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொல்லிக் கட் பண்ணினேன். மறுபடி அடித்தாள், மறுபடி கட் பண்ணினேன். மூன்றாம் முறை போனைப் பறித்த நிலாணியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

அழைத்தது மிச்சிகனில் அவளுடைய பழைய ஊரிலிருந்து சீட்டை அனுப்பிய தேர்தல் கந்தோர். என்வலப்பில் இருந்த மஞ்சள் தூளைக் கண்டு பயந்து, அதைத் திறக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். சமையல் மஞ்சள்தான் என்று நிலாணி சொன்னதும் அந்தப் பெண் சிரித்திருக்கிறாள். பிறகு கேட்டாளாம், உள்ளே சீட்டிலும் பூசினீர்களா என்று. சீட்டில் அடையாளம் எதுவும் இருந்தால் வாக்குச் செல்லாமல் போகலாம். நேரில் வந்தால் பழையதை ரத்துச் செய்துவிட்டுப் புதியது தருவாளாம். தபாலை நம்பி இருக்க இனி நாள் போதாது.

"இஞ்சேருங்கோ, என்ர கையாலயே கெடுத்துப் போட்டன்," என்று நிலாணி அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அவளை அழவைத்த மஞ்சள்மேலும் என் வாய்மேலும்தான். "அழாதையும். விடிய வெளிக்கிடுவம்," என்றேன்.

401 நெடுஞ்சாலை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். எல்லையில் அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டான். "வாக்குப் போட," என்றாள் நிலாணி. அவன் அவளுடைய பாஸ்போட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வழியை விட்டான். வன்னியில் எத்தனை சோதனைச் சாவடியில் நின்றவள் அவள். இந்த ஒரு சொல்லுக்குக் கதவு திறந்ததை நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கந்தோரில் போனில் பேசிய அதே பெண்தான் இருந்தாள், நரைத்த தலையோடு. பழைய என்வலப்பை எடுத்து வந்து, நிலாணியின் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ரத்து என்று எழுதிவிட்டுப் புதுச் சீட்டை நீட்டினாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நிலாணி குனிந்தாள். அவளுடைய செருப்பணிந்த கால்கள் மட்டும் தெரிந்தன. பூசை நேரத்தில் திரை விலகுமுன் நிற்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இத்தனை கோடியில் ஒன்றுக்காக ஒருத்தி மூன்று தரம் போன் அடித்திருக்கிறாளே!

நிலாணி வாக்குப் போட்ட ஆள் தோற்றுப்போனான், அதுவும் படுதோல்வி. செய்தியைப் பார்த்ததும் அவளை எப்படித் தேற்றுவது என்று யோசித்தபடி குசினிக்குப் போனேன். அவளோ கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தோத்தவனுக்குக் கேசரியோ?"

அடுப்பைத் தணித்துவிட்டு அவள் போனை என் முன்னால் நீட்டினாள். அந்தச் சின்ன ஊரின் வாக்குக் கணக்கு. அவளுடைய ஆளுக்கு நேரே 311 என்று இருந்தது. அதன் கடைசி இலக்கத்தின்மேல் விரலை வைத்தாள். விரலில் மஞ்சள் கறை.

"உந்த ஒண்டு நான்," என்றாள்.