மொரியோவின் இடம்

ஷிரானுமா ஏரியில் மொரியோ செத்தது ஒரு ஜனவரி காலையில். இடத்தை விட்டு நகர மறுத்ததால் இன்றுவரை அவரை எரிக்க முடியவில்லை.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கிழக்கோரத்தில் ஏரி உறைந்து இறுகியதும் மீனவர்கள் பனிக்கட்டியைத் துளைத்து அடியில் வலை போடுவார்கள். விலைபோகாத மீனைப் பனிக்கட்டிமேல் வீசுவார்கள். அதற்காக வடக்கிலிருந்து வரும் கடற்கழுகுகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். அதைப் படம்பிடிக்க வருகிற நாங்களும் கொஞ்சம் அப்படித்தான். எங்களுக்குச் சட்டம் ஒன்றே: கேமரா ஸ்டாண்டின் கால்களில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டால், ஸ்டாண்ட் அசையும்வரை அந்த இடம் ஊற்றியவருடையது. மீன் விழும் துளைக்கு நேர் எதிரே இருந்த இடத்தை வருஷா வருஷம் சாராயக்கடை மொரியோவே பிடித்தார். அவர் மனைவி சுமியேயின் தம்பி இசாமிக்கு அவருடைய முதுகுதான் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் இசாமி விடியுமுன் கெட்டிலோடு வந்து, மொரியோவின் ஸ்டாண்டைக் கிளப்ப வெந்நீர் ஊற்றினான். எங்கள் குளிரில் வெந்நீர் பச்சைத் தண்ணீரை முந்திக்கொண்டு உறையும். ஸ்டாண்ட் முழங்கால்வரை இறுகிவிட்டது. பின்னாலேயே வந்த மொரியோ பார்த்துவிட்டார்.

"ஸ்டாண்டுக்கு டீ போட்டியா மாப்ள? சர்க்கரை போட்டியா?"

"இந்த ஒரு வருஷம் தள்ளி நில்லுங்க அத்தான். உங்க முதுகையே படம் புடிச்சு அலுத்துப்போச்சு."

"நல்ல முதுகுடா. ஃபிரேம் போட்டு மாட்டு."

இசாமி தன் ஸ்டாண்டால் அவர் நெற்றியில் அடித்தான். எழுந்த சத்தத்தில் ஏரிதான் பிளந்தது என்று மீனவர்கள் கரைக்கு ஓடினார்கள். விழும்போது மொரியோ அவன் சுண்டுவிரலைக் கடித்துத் துப்பினார். சூடு ஆறுமுன் ஒரு கழுகு அதைக் கொண்டுபோயிற்று. இசாமி மண்டை திறக்கும்வரை அடித்தான். பிறகு மொரியோ எழுந்து, கேமராவில் தெறித்த ரத்தத்தைக் கையுறையால் துடைத்து, கண்ணை வைத்துக் குனிந்தார். வாயிலிருந்து ஆவி வரவில்லை. செத்துவிட்டார் என்று அதில்தான் தெரிந்துகொண்டோம்.

போலீஸ்காரர் வந்து, "வீட்டுக்கு வாங்கய்யா, உங்க சடங்கு கெடக்கு" என்றார்.

மொரியோ திரும்பாமலே, "ஸ்டாண்ட் அசையுதா பாருங்க" என்றார்.

போலீஸ்காரர் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கோடாரியால் பனிக்கட்டியை வெட்டினார்; கோடாரி துள்ளி அவர் கெண்டைக்காலைப் பிளந்தது. இசாமியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வசந்தத்தில் ஏரி முழுக்க உருகியது, மொரியோவின் காலடியில் இருந்த பாயளவு பனிக்கட்டியைத் தவிர. கோடையில் வாத்துகள் அதன்மேல் முட்டையிட்டன. பல வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் இசாமி சிறையிலிருந்து நரைத்துத் திரும்பியபோது, வீட்டுக்குப் போகாமல் நேரே ஏரிக்குப் போனான். சுமியே ஏற்கெனவே அங்கே சோற்றுருண்டையோடு நின்றாள்.

"அத்தான் என்னிக்காவது நகருவாராக்கா?"

"நீ ஊத்துன வெந்நிதானடா. நீயே கேளு."

அவன் மொரியோவுக்கு ஓரடி பின்னால் தன் ஸ்டாண்டை நிறுத்தி, கால்களில் பச்சைத் தண்ணீர் ஊற்றினான். இசாமியின் படங்களை ஊரில் எல்லோரும் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கழுகுகள் ரத்தம் சிந்தச் சண்டையிடுகின்றன, நடுவே அந்த முதுகு. நல்ல முதுகுதான்.