காளி பிடி

கால் உடைந்து கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வாய் ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு அந்த வாயும் கெடுத்துவிட்டது.

என் மனைவி யசோதாவின் தம்பி சாமிநாதன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டான். ஆனேக்கல்லுக்கு அப்பால் நிலத்திலேயே வீடு. மழையில் அங்கே கரண்டும் இல்லை, போனும் சரியாக எடுக்கவில்லை. எங்களுக்குச் செய்தி வந்ததே புதன் காலையில்தான். ஐஸ் பெட்டி வேலை செய்யாததால், ராகுகாலத்துக்கு முன்னால், பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிடுவோம் என்றார்கள். யசோதா கேட்டது ஒன்றே ஒன்று. மண் போடுவதற்கு முன்னால் தம்பி முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நிலத்துக்குப் போகிற கடைசி மூன்று கிலோமீட்டர் களிமண் பாதை. மழையில் கார் போகாது, ஜீப்தான். அந்த ஜீப்பில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐடி பிள்ளைகளுக்குச் சேற்றில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்ன புண்ணியம்? மாப்பிள்ளை சஞ்சயிடம் சாவியைக் கொடுத்து யசோதாவை அனுப்பிவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சஞ்சய் தென்காசிக்காரர். ஹெப்பகோடியில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தங்கமான மனிதர். கன்னடம் பத்து வார்த்தை தெரியும்.

பத்தேகாலுக்கு போன் செய்தார்.

"மாமா, சேத்துல மாட்டிக்கிட்டோம். சக்கரம் சும்மா சுத்துது. அத்தை கீழ இறங்கி கல்லு பொறுக்கிட்டு இருக்காங்க."

"டயர்ல பிரஷர் எவ்ளோ இருக்கு?"

"இருபத்தெட்டு."

"காளி பிடி மாப்ளே. நாலுலயும். பதினெட்டு."

"பதினெட்டா?"

"ஆமா, பயப்படாதீங்க. சீட்டுக்குப் பின்னாடி பை இருக்கு, அதுல மீட்டர், பம்பு எல்லாம் இருக்கு."

சேற்றில் காற்றைக் குறைத்தால் டயர் சப்பாத்தி மாதிரி பரந்து மண்ணைக் கவ்வும். பதினெட்டில் வைத்தால் ஜீப் தானாக மேலேறி வந்துவிடும். நிம்மதியாக ஒரு டீகூடக் குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் போன்.

"நாலுலயும் புடிச்சாச்சு மாமா. நாப்பத்தாறு காட்டுது. ஆனா முன்னவிட வழுக்குது, வண்டி அடிவயிறு மண்ணுல ஒக்காந்துட்டு."

"நாப்பத்தாறா? எப்படிங்க?"

"இருபத்தெட்டும் பதினெட்டும். நீங்கதான காளி புடிக்கச் சொன்னீங்க? காளின்னா காத்துல்லா?"

காளி என்றால் கன்னடத்தில் காற்றுதான். ஆனால் 'பிடி' என்பதும் கன்னடம். விடுங்கள் என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற எங்களுக்கு எது தமிழ், எது கன்னடம் என்று வாய்க்குத் தெரியாது. மாப்பிள்ளையாயிற்றே என்று மரியாதையாக வேறு சொல்லித் தொலைத்தேன். மரியாதை இல்லாமல் 'பிடு' என்றிருந்தால்கூட அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். யசோதா காதில் விழுந்திருந்தால் அப்போதே திருத்தியிருப்பாள். அவள் மழையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்த எறக்குங்க மாப்ளே, எறக்குங்க" என்று கத்தினேன். லைன் எப்போதோ போயிருந்தது.

அதன்பின் கன்னடத்தில் ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று, இருபது தடவை. வாட்ஸ்அப்பில் 'பதினெட்டுக்கு இறக்கவும்' என்று அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. சாமிநாதன் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அஷ்வத் ஒரு வழியாகக் கிடைத்தான்.

"ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுப்பா. டிராக்டரையாவது அனுப்பு."

"எல்லாரும் குழியில தண்ணி எறைச்சிட்டு இருக்காங்கண்ணா. வாசன வர ஆரம்பிச்சிடுச்சு. பெரியவங்க ஒத்துக்கல."

பன்னிரண்டு அடித்தது. என் ஜீப், என் டயர், என் வார்த்தை. நான் மட்டும் ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார்கள். சஞ்சய் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை வைத்துவிட்டுப் போனார். யசோதாவின் புடவையில் முழங்கால் வரை சேறு. ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே போயிருக்கிறாள்.

"முகம்..." என்றேன்.

"மூடிட்டாங்க. ஒரு பிடி மண்ணு போட்டேன்."

"யசோதா, நான் விடச் சொன்னேன். அவரு புடிக்கச் சொன்னேன்னு நெனச்சிட்டாரு. கன்னடத்துல..."

அவள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"விடுங்க" என்றாள்.