வேலி இலையும் கிணற்றடி இலையும்

கீர்த்திகாவின் ஆய்வுக்கூடத்தில் மொசுமொசுக்கைக்குக் கிடைத்த மரியாதை வேறெந்த இலைக்கும் கிடைத்ததில்லை. தூதுவளைச் சாறு விட்ட தட்டில் கிருமிகள் கல்யாண வீட்டுச் சனம்போல் பெருகின. ஆடாதோடை ஏதோ கொஞ்சம் முக்கிப் பார்த்தது. தெல்லிப்பழையில் அவள் வீட்டு வேலியில் படர்ந்திருந்த மொசுமொசுக்கையின் சாறு மட்டும், தன்னைச் சுற்றி ஒரு கிருமியையும் அண்டவிடாமல் வெளுப்பாக ஒரு வட்டம் போட்டது. அவளுடைய பட்டம் அந்த வட்டத்தை நம்பித்தான் இருந்தது.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அப்பா சுபாஸ்கரனைப் பிடிக்க முடியவில்லை. அவர் திராட்சைத் தோட்டக்காரர்.

"கிருமியே சாகுதாம், இருமல் எந்த மூலைக்கு?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் வேலியில் இலை பிடுங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குணலட்சுமிக்கு மாதக்கணக்கில் இருந்த இருமல் அதன் சாற்றைக் குடித்து நின்றே போனது. மொசுமொசுக்கைச் சாறு தினமும் குடித்தும் நிற்காதது அப்பாவின் இருமல் ஒன்றுதான். அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை.

பேராசிரியர் சும்மா இருந்திருக்கலாம். வேறு ஊர் இலையிலும் செய்து பார் என்றார். சாவகச்சேரியில் சிநேகிதி வீட்டில் பிடுங்கி வந்த மொசுமொசுக்கை ஒன்றுமே செய்யவில்லை. திரும்பவும் செய்து பார்த்தாள். தட்டில் கல்யாணம்தான்.

சனிக்கிழமை காலை புது இலை பிடுங்கப் போனவள் வேலியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா திராட்சைப் பந்தலுக்குப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நீல மருந்து அடித்துக்கொண்டிருந்தார். காற்று அதை வேலிக்குத்தான் கொண்டுவந்தது. இலையெல்லாம் நீலம் பூத்திருந்தது. இவ்வளவு நாளும் அதை இலையின் சுணை என்று நினைத்திருந்தாள் மகராசி. தண்ணீரில் ஒருதரம் அலசினால் போகிற மருந்தா அது? மழைக்கும் கழுவுப்படாது என்று போத்தலிலேயே போட்டிருக்கிறது.

அந்த மருந்தில் ஒரு துளியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சொட்டாக அதே வட்டம். பட்டம் போவது ஒருபுறம் இருக்கட்டும், அப்பா அதையல்லவா தினமும் குடிக்கிறார்!

"அப்பா, இனி அந்த இலையைக் குடிக்காதேங்கோ. பந்தலுக்கு அடிக்கிற மருந்து முழுக்க அதிலைதான் கிடக்கு."

"எனக்கென்ன விசரே பிள்ளை, அதைக் குடிக்க? எங்களுக்கெண்டு கிணத்தடியிலை மருந்து படாமல் வேறை கொடி விட்டிருக்கிறனெல்லோ."

விற்கிறதுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு மூலை. தோட்டக்காரர் பலரிடமும் உள்ள பழக்கம்தான். யாரும் அதை ஒளிப்பதுமில்லை, சொல்வதுமில்லை.

"அப்ப எனக்கேன் வேலி இலையைத் தந்தனீங்கள்?"

"நீ காம்பசிலை சோதிச்சுப் பாக்கவெண்டெல்லோ கேட்டனீ. சாப்பிடவே கேட்டனீ?"

"சரி, சனத்துக்குக் குடுத்தது?"

அப்பா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குணலட்சுமி பையோடு வந்து நின்றாள். அப்பா விழுந்தடித்துக் கிணற்றடிக்குப் போய், இருந்த இலை முழுவதையும் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

"உது வேண்டாம் அண்ணை. என்ரை இருமல் அந்த வேலி இலைக்குத்தான் கேக்குது."

கீர்த்திகா உள்ளதைச் சொன்னாள். குணலட்சுமி சிரித்தாள்.

"நேற்றுவரைக்கும் மருந்து, இண்டைக்கு நஞ்சோ? நல்ல இலை எண்டவுடனை உங்களுக்கு மட்டும் வைச்சிருக்கப் பாக்கிறியள். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை வீட்டிலையும் அதைத்தானே குடிக்கிறியள்?"

கீர்த்திகாவுக்கு அப்பாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மானம் தப்பும். குணலட்சுமி தொடர்ந்து குடிப்பாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றார் அப்பா. "நாங்கள் இந்தக் கிணத்தடி இலைதான்."

குணலட்சுமி வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வாசல் படலையைக்கூடத் தாண்டவில்லை, நின்றுபோயிருந்த இருமல் அவளுக்குத் திரும்ப வந்துவிட்டது.