பிரிக்காத அகர் டப்பா

செவில் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். கோடு அசையவேயில்லை. செம்மறிப்பால் சீஸ் கரைசலில் அவளே தன் கையால் லிஸ்டீரியா கிருமியைக் கலந்திருந்தாள். அப்படியும் பட்டை 'சுத்தம்' என்றது.

அவளே உருவாக்கிய, விரல் நீளச் சோதனைப் பட்டை அது. முனையில் தங்க நுண்துகள் பூச்சு. கிருமி ஒட்டினால் மின்னோட்டம் மாறும், அரை மணியில் தெரிந்துவிடும். பாலில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. சீஸுக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. கொழுப்பு தங்கத்தை மூடிவிட்டதோ?

ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் கிருமி இருக்கிறதா என்று தட்டில் வளர்த்து, பட்டையோடு ஒப்பிடுவது உதவியாளன் பெஹ்ரூஸின் வேலை. அவன் நோட்டில் எல்லாம் பொருந்தியிருந்ததே! அதை நம்பித்தான், ஐந்து மாதக் கர்ப்பிணியான தங்கை ஐலாரிடம், "மாமா அனுப்புற சீஸையும் டெஸ்ட் பண்ணிட்டோம், சுத்தம்டி, பயப்படாம சாப்பிடு" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கிருமி தாய்க்கு வெறும் காய்ச்சலாகத்தான் வரும். வயிற்றுப் பிள்ளை தங்காது.

தானே ஒரு தட்டு போட்டுப் பார்க்கலாமென்று அலமாரியைத் திறந்தாள். கிருமி வளர்க்கத் தட்டில் கரைத்து ஊற்றும் அகர் மாவு டப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேல்மூடியின் சீல்கூடப் பிரியவில்லை. இதைப் பிரிக்காமல் அவன் தட்டு போட்டது எப்படி?

பெஹ்ரூஸ் தேநீரோடு வந்தான், ஊர் வழக்கப்படி பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டி.

"பெஹ்ரூஸ், இது எப்ப வாங்கினது?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "பழசு தீர்ந்ததும் வாங்கினது. ரெண்டு மாசம் ஆச்சு, செவில் கானூம்." எப்போதும்போல 'அம்மணி' என்ற அதே மரியாதை.

"அப்போ நோட்டுல எழுதினதெல்லாம்?"

"உங்க பட்டை சொன்னதையே எழுதிட்டேன். அது என்னைக்குத் தப்பா சொல்லிச்சு? தட்டைவிட உங்களைத்தான் நம்பினேன்."

"அடடா, என்ன ஒரு நம்பிக்கை! இதுக்கு நீ என் கழுத்தை அறுத்திருக்கலாம்." ஆறு வருடத்தில் முதன்முறையாக அவனை 'நீ' என்றாள்.

படுபாவி! அவளோடு ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். அவள் பதிலையே அவளிடம் திருப்பிக் காட்டி, சரி என்று தலையாட்டியிருக்கிறான். தங்கையைப் போனில் அழைத்தாள்.

"ஐலார், அந்த சீஸைத் தொடாத!"

"அட போக்கா, இப்பத்தான் ரொட்டியில வெச்சு சாப்பிட்டேன். நேத்துலேர்ந்து காய்ச்சல், வேற ஒண்ணும் வாய்க்குப் பிடிக்கல. ஏன்? நீதானே சாப்பிடச் சொன்ன?"

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் அங்க வந்துடறேன்."

மேலங்கியை எடுத்தாள். பெஹ்ரூஸ் வழியில் நின்றான். "நானும் வரட்டுமா, கானூம்?"

"வா. நல்லா டெஸ்ட் பண்ணினியா அக்கான்னு அவ கேப்பா. உன் வாயாலேயே சொல்லு."