விடுங்க அண்ணி

எங்கள் ஊர் நீச்சல்குளத்துக்குக் கண்ணாடிக் கூரை. மல்லாந்து படுத்தால் மேலே ஒரு வானம், முதுகுக்குக் கீழே ஒரு வானம். இரண்டுக்கும் நடுவில் நான், என் நாத்தனாரின் உள்ளங்கை மேல்.

"விடுங்க அண்ணி."

"ஐயோ, நீ விட்டுடாதே!"

"நான் கையை விடலை. நீங்க மூச்சை விடுங்க. மூச்சைப் பிடிச்சா உடம்பு கட்டையாயிடும்."

"கட்டைதான் மிதக்குமே!"

"மரக்கட்டை மிதக்கும். நீங்க இஸ்திரிப்பெட்டி."

அவள் இங்கே நீச்சல் பயிற்சியாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வாய் மட்டும் பெரிது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான் தையல்காரி. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பாதி வாழ்க்கை போய்விட்டது. கத்தரி துணிக்குள் இறங்கும்போது மூச்சு விட்டால் கோடு கோணிவிடும். அளவு கொடுக்க வந்தவர்கள் என்ன கேட்டாலும் "ம்ம்"தான் என் பதில். தண்ணீரைக் கண்டதும் உதடு தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

இந்த வயதில் எதற்கு இந்த ஆசை என்றால், ஆசையே இல்லை. என் கணவருக்குத் தீவு மின்நிலையத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. போக வர படகு மட்டும்தான். நீச்சல் தெரியாமல் படகில் கால் வைக்க மாட்டேன் என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சரி, நான் முன்னாடி போறேன். லீவு கிடைச்சா வர்றேன்" என்றார். சண்டையே போட்டிருக்கலாம், அந்தச் "சரி" என்னை இந்தக் குளத்தில் இறக்கிவிட்டது. அவர் பெட்டியும் கட்டியாகிவிட்டது.

கடைசி வகுப்புக்கு அவரும் வந்தார்.

"அண்ணா, நீ பிடிச்சுக்கோ. எனக்குக் கை மரத்துப்போச்சு" என்று நாத்தனார் கரையேறி உட்கார்ந்தாள்.

அவர் கை என் முதுகுக்கு வந்தது. காதுகள் தண்ணீருக்குள் போனதும் ஊர்ச் சத்தமெல்லாம் நின்றது. எங்கோ தூரத்தில் யாரோ மெதுவாகத் தையல் மிஷின் மிதிப்பது போல் என் இதயம் கேட்டது. வெட்டுவதற்கு முன் மேஜையில் விரித்த பட்டுத்துணி போல வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. அதன் விளிம்பு எங்கே என்று தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை.

வெகுதொலைவிலிருந்து ஒரு குரல்: "விடுங்க!"

விட்டேன். அத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த மூச்சு மெல்லப் போனது. அடுத்த மூச்சு தானாக வந்தது. அதையும் விட்டேன். ஒரு மேகம் கூரையைத் தாண்டிப் போனது. நானும் கூடவே கொஞ்ச தூரம் போனேன்.

"அண்ணா! கையை ஏன் எடுத்தே?"

திரும்பிப் பார்த்தேன். அவர் நான்கடி தள்ளி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார்.

"நீதானே விடச் சொன்னே?"

"அண்ணிகிட்ட மூச்சை விடச் சொன்னேன்! உனக்கு என்னைக்கு நான் 'ங்க' போட்டிருக்கேன்?"

அவர் யோசித்தார். "அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு."

சிரிப்பில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். புரையேறியது. கால் தரையைத் தேடியது, கிடைத்தது. தண்ணீர் மார்பளவுதான். அவர் பதறி வந்து என் தோளைப் பிடித்தார்.

"பயந்துட்டியா?"

"நீங்க விட்டதே தெரியலை."

அவர் முகத்தில் ஓர் ஆசை மலர்ந்தது. கேட்டால் உதிர்ந்துவிடுமோ என்பது போல் அவர் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"தீவுல நமக்குக் கொடுத்திருக்கிற வீட்டுல ஜன்னல் எத்தனை?"

"எண்ணலையே... எதுக்கு?"

"திரை தைக்க வேணாமா? நீங்க சொல்ற அளவை நம்பித் துணி வெட்ட முடியாது. சேர்ந்தே போய் எண்ணுவோம்."

சொல்லிவிட்டு, யார் கையையும் தேடாமல் மறுபடி மல்லாந்தேன்.