மன்னன் சீட்டு

எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. நடந்தால்தான் மண்டையில் ஏறும். வீட்டில் நடக்க இடமில்லை. அம்மாவின் சலவைக்கடைப் பின்னறையில், தொங்கும் துணிகளுக்கு நடுவே, பதினெட்டு அடி நடக்கலாம். நாளைக் காலை நாடகப் பரீட்சை. போன தடவை கோட்டை விட்டேன். இந்தத் தடவையும் விட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

அது ஒரு பழைய சோக நாடகம். மன்னன் ஒருவன் அவசரப்பட்டு அணையின் மதகைத் திறந்துவிடுகிறான். ஊர் மூழ்குகிறது. பழி காவலன் தலையில் விழுகிறது. மன்னன் வாயே திறப்பதில்லை. நாலு அங்கம் பெருமூச்சு விட்டுவிட்டு, காவலன் செத்த பிறகு ஐந்தாவதில் அழுகிறான். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் அங்கத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் காவலனும் பிழைத்திருப்பான், நாங்களும் பிழைத்திருப்போம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? மன்னன் எப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற பத்து மதிப்பெண் கேள்வி கட்டாயம் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

யார் யார் என்பதுதான் குழம்பியது. அதனால் நேற்று, பாத்திரங்களைச் சீட்டில் எழுதித் துணிகளில் குத்தினேன். பச்சை கவுன் ராணி. இரண்டு கறுப்புக் கோட்டுகளில் ஒன்று மன்னன், ஒன்று காவலன். துணியில் கை வைத்தால் கடைப்பக்கமே வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். காலடிச் சத்தம் கேட்டதும் என் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கழற்றி வைத்திருந்த வாடிக்கையாளர் நம்பர் சீட்டுகளை அவசர அவசரமாகத் திரும்பக் குத்தினேன்.

இன்று மதியம் ஒருவர் கடைக்குள் வந்தார். அவர் போட்டிருந்த கறுப்புக் கோட்டின் கை, விரல்களைத் தாண்டித் தொங்கியது.

"அங்க போய்த்தான் கவரப் பிரிச்சேன். இதோடதான் இன்டர்வியூல உக்காந்தேன்," என்றார். "கை குடுக்கலாம்னு நீட்டுனா கையே வெளிய வரல."

சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, நேற்று அவசரத்தில் குத்திய நம்பர்கள் நினைவுக்கு வந்தன.

அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய கோட்டைத் தேடி வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாகச் சொல்லி அனுப்பிவிட்டுச் சித்தியைப் பார்த்தாள். நம்பர் குத்துவது சித்தியின் வேலை. தொழிற்சாலையை மூடிய பிறகு இரண்டு மாதமாக இங்கேதான் வேலை பார்க்கிறாள். போன வாரம் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டு, இனி ஒரு தப்பு நடந்தால் அவ்வளவுதான் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"தங்கச்சின்னு பாத்தது போதும்," என்றாள் அம்மா. "நாளைலேருந்து வராத."

சித்தி பின்னறைக்கு வந்து, மாட்டியிருந்த இன்னொரு கறுப்புக் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடந்தேன். இப்போதே சொல்லிவிடலாம். வேண்டாம், பரீட்சை முடியட்டும். நாளை மத்தியானம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பதினெட்டு அடி போனேன், பதினெட்டு அடி வந்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை.

சித்தி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, புத்தகத்துக்குள் எதையோ செருகினாள்.

"நல்லா எழுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் 'மன்னன்'. கோட்டுக் காலருக்குள் நான் எடுக்க மறந்த சீட்டு. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என் பரீட்சைக்காக வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறாள்.

முன்பக்கம் ஓடிச் சீட்டை நீட்டினேன்.

"நம்பர மாத்திக் குத்துனது நான்தாம்மா."

அம்மா சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவ இங்க நிக்கும்போதே வாயத் திறந்திருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?"

போனை எடுத்துச் சித்தியை அழைத்தாள். பின்னறையில், ஆணியில் தொங்கிய ஏப்ரன் பைக்குள் மணி அடித்தது.

நான் செருப்பைக்கூடத் தேடவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினேன்.