வெள்ளிக்கிழமைத் தீவு

படகுகள் போதவில்லை என்பதால், போன மாரிக்குப் பிறகு தீவுகளே பட்டணத்துக்குப் போய்வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள். விடிந்ததும் தீவு கிளம்பும். ஆடுகளைக் கட்டி, தண்ணீர் தளும்பாமல் கிணற்றை மூடிவிட்டு, எல்லோரும் வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். பொழுது சாய்வதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

தேவரஞ்சினியின் கருங்கல்தீவுக்கு வெள்ளிக்கிழமை விழுந்தது. வெள்ளியன்று பட்டணத்தில் யாரும் மச்ச மாமிசம் தொடுவதில்லை. அவள் விற்பதோ நண்டு. நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள் அவளுடைய பனையோலைக் கடகத்தைக் கண்டு ஒதுங்கி, கத்தரிக்காய் வாங்கப் போவார்கள்.

பக்கத்துப் பூவரசந்தீவுக்குச் சனிக்கிழமை. விரதம் முடித்தவர்கள் விடியற்காலையிலேயே இறங்குதுறையில் பையோடு நிற்பார்கள். அங்கே நண்டு விற்பவள் புஷ்பகாந்தி, பள்ளிக்கூடத்தில் ரஞ்சினியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். திரும்பும் வழியில், வெறும் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்று கை காட்டுவாள். ரஞ்சினிக்கு வயிறு எரியும். புது மூக்குத்தி தெரியும் அளவுக்கு அந்தத் தீவு ஏன் இவ்வளவு கிட்டப் போகவேண்டும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

துறையைப் பார்த்துக்கொள்ளும் அரியரட்ணத்திடம் தன் தீவின் நாளை மாற்றித் தரச் சொன்னாள்.

"தீவு வெள்ளிக்குப் பழகிட்டுது, அக்கா. சனிக்கு எழுப்பினாலும் எழும்பாது."

அடுத்த சனி காலை பூவரசந்தீவு கடந்து போகையில் ரஞ்சினி வடக்கயிற்றை எறிந்தாள். மறுமுனை அவள் வீட்டுப் பனையில் கட்டியிருந்தது.

"எடி, என்ர தீவென்ன உன்ர வண்டில் மாடே?" என்று கேட்டுக்கொண்டே புஷ்பகாந்தி கயிற்றைப் பிடித்துத் தன் பூவரசில் இறுக்கிக் கட்டினாள். "வா, வா. கணக்குச் சோதினையிலயும் என்னைப் பாத்துத்தானே எழுதினனீ."

தூக்கம் கலையாமல் கருங்கல்தீவு பக்கவாட்டில் இழுபட்டுப் போனது.

துறையில் ஒட்டியது பூவரசந்தீவு. ரஞ்சினியின் தீவு அதன் முதுகுக்குப் பின்னால், கடல் பக்கமாக நின்றது. வருகிறவர்கள் புஷ்பகாந்தியின் முற்றத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டி வந்தவர்களின் பைகளில் ஏற்கெனவே நண்டுகள் அசைந்தன.

"இஞ்சயும் நண்டோ?" என்று கேட்டு, செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ரஞ்சினி இன்னொரு வடத்தை எடுத்துப்போய், ஒரு முனையைத் துறைத் தூணில் கட்டி, மறுமுனையைத் தன் பனையில் கட்டினாள். அரியரட்ணம் தூணில் இருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"தாங்கும்," என்றான்.

மாலையில் பூவரசந்தீவு ரஞ்சினியின் தீவைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது. அதன் பின்னால் கருங்கல்தீவு. அதன் பின்னால் பட்டணம், சந்தையும் மணிக்கூட்டுக் கோபுரமும் பேருந்து நிலையமுமாக. பட்டணத்துக்கு இப்போது பக்கத்தில் இருந்தவள் ரஞ்சினி. சனம் துறையிலிருந்து நேரே அவள் முற்றத்தில் இறங்கியது. கடகம் சீக்கிரமே காலியானது.

அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். முன்னால், பூவரசந்தீவின் முனையில் புஷ்பகாந்தி நின்றாள். அவள் கை காட்டிய பக்கம் அவள் தீவு திரும்பியது. ரஞ்சினியின் தீவும் திரும்பியது. பட்டணம் முழுவதும் கோயில் மணி ஆட ஆடத் திரும்பியது.

ரஞ்சினிக்கு மறுபடி வயிறு எரிந்தது. புஷ்பகாந்திக்கும் முன்னால் அடிவானம் மட்டும் சும்மா கிடந்தது. மிச்சக் கயிற்றில் ரஞ்சினி சுருக்குப் போட்டாள்.

"அது சனிக்கு எழும்புமோ?"

"எறிஞ்சு பாருங்கோ, அக்கா," என்றான் அரியரட்ணம்.

இரண்டாம் எறியில் சுருக்கு விழுந்தது. அடிவானம் மெல்ல இழுபட்டு வந்தது. கிட்ட வர வர, அங்கே ஒருத்தி வெறும் கடகத்தோடு நிற்பது தெரிந்தது. அவளும் புதிதாக மூக்குத்தி போட்டிருந்தாள்.